நகாட்டா முதலிடமா? உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

நிஷிகசாய்வாசி:
ஓய்வுபெற்ற ஜப்பான் கால்பந்து வீரர்களில் யார் பெரிய ஆள் என்று அலுவலகத்தில் சும்மா ஒரு ஓட்டெடுப்பு. நகாட்டா முதலிடம், வேறு யார் வருவார். எங்கள் மேனேஜர் மட்டும் பொரிந்து தள்ளினார். "2006 உலகக் கோப்பையில் பிரேசில் நம்மை 4-1 என்று அடித்த பிறகு டார்ட்மண்டில் நடு மைதானத்தில் மல்லாந்து கிடந்தானே, அணி முழுக்க அவனைச் சுற்றி நின்றதா? அவனுக்கா முதலிடம்?" சீட்டுகளைப் பிரித்தது நான்தான். மேனேஜரின் கையெழுத்து எனக்குத் தெரியும். அவர் ஓட்டும் நகாட்டாவுக்கே. அது ஏன் என்று இன்னும் புரியவில்லை.

கிளாஸ்கோ மழை:
இங்கே நகாட்டா பெயர் எடுபடாது. டாக்ஸியில் பேச்சுவாக்கில் ஜப்பான் என்றேன், "நாகா!" என்று கத்தினார் ஓட்டுநர். இந்த ஊர் செல்டிக் அணியின் ரசிகர், அதில் ஆடிய ஜப்பான் வீரர் நகமுராவைச் சொல்கிறார். 2006 நவம்பர், மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிரான அந்த ஃப்ரீ கிக். சிக்னலில் ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு இடது கையை எதிரணி வீரர்களின் தடுப்புச் சுவராக நிறுத்தினார், வலது கையைப் பந்தாக்கி அதற்கு மேலே வளைத்துக் கொண்டுபோய்க் கண்ணாடியில் இடித்தார். பச்சை விழுந்து பின்னால் ஹாரன் அலறியும் ஆள் அசையவில்லை.

ரோமா2001:
கிளாஸ்கோ நண்பரே, அன்று கோல் வாங்கிய யுனைடெட் கோல்கீப்பர் வான் டெர் சாருக்கு நகாட்டாவையும் நன்றாகவே தெரியும். 2001 மே, டுரின். நகாட்டா ஆடிய ரோமாவுக்கும் யுவென்டஸுக்கும் ஆட்டம், வான் டெர் சார் அப்போது யுவென்டஸ் கோல்கீப்பர். யுவென்டஸ் 2-0 என்று முன்னிலை. ரோமா பயிற்சியாளர் கப்பெல்லோ, அணியின் நட்சத்திரமான டோட்டியையே வெளியே எடுத்துவிட்டு நகாட்டாவை இறக்கினார். தூரத்திலிருந்து அடித்த ஒன்று நேரே உள்ளே. இன்னொன்றை வான் டெர் சார் தட்டிவிட, மொன்டெல்லா அதைக் கோலாக்கி 2-2. அந்த ஆண்டு பட்டம் ரோமாவுக்கு. ரோமில் ஒரு காபிக் கடையில் டோட்டி படத்துக்குக் கீழே நகாட்டா படம் பார்த்தேன். ஏன் கீழே என்றேன். "மேலே மாட்டினால் கடையைக் கொளுத்திவிடுவார்கள்" என்றார் முதலாளி.

சாகே ராமன்:
டோக்கியோவின் ரொப்பொங்கி ஹில்ஸில் நகாட்டா நடத்தும் சாகே (ஜப்பானிய அரிசி மது) விழா. வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண்ணிடம் நகாட்டாவின் ஆட்டத்தைப் பற்றிக் கேட்டேன். "அவர் கால்பந்து வேறு ஆடுவாரா?" என்றாள். மனுஷன் 29 வயதில் ஓய்வு பெற்றால் வேறென்ன நடக்கும்! அது கிடக்கட்டும். டோக்கியோவுக்குப் புதிதாக வருபவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள்: வெறும் வயிற்றில் அங்கே போகாதீர்கள், ஒவ்வொரு கோப்பைக்கும் நடுவில் தண்ணீர் குடியுங்கள். கூட வேலை செய்பவர்களிடம் இந்த ரேங்க் பேச்சை எடுக்கவே எடுக்காதீர்கள், மறுநாள் மீட்டிங்கில் முகம் பார்க்க முடியாது. நகாட்டா ஆரம்பத்தில் ஆடிய பெல்மாரே அணியின் மைதானம் ஹிராட்சுகாவில் இருக்கிறது, டோக்கைடோ ரயிலில் சுமார் ஒரு மணி நேரம்தான். ஆட்டம் முடிந்ததும் ரயில் பிதுங்கும், பொறுமையாகக் கிளம்புங்கள்.

கிளாஸ்கோ மழை:
தண்ணீர் யோசனையை இங்கே யார் கேட்டது?

நிஷிகசாய்வாசி:
ரோமா நண்பர் சொன்ன ஆட்டத்தை மேனேஜரிடம் எடுத்துவிட்டேன். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு, "அது கிளப் ஆட்டம். 2002 உலகக் கோப்பையில் ஒசாகாவில் துனீசியாவுக்கு எதிராக அவன் தலையால் முட்டிய கோல் இருக்கிறதே..." என்று ஆரம்பித்தவர் மதிய உணவு முடியும்வரை நிறுத்தவில்லை. கிளாஸ்கோ நண்பரே, அந்த உலகக் கோப்பைக்கு நகமுராவை ஜப்பான் பயிற்சியாளர் ட்ரூசியே எடுக்கவே இல்லை. டாக்ஸிக்காரரிடம் சொல்லிவிடுங்கள்.