ஜப்பானிய உச்சரிப்பு: தாளம் போதுமா, சுருதியும் வேண்டுமா?

யாழினி:
ஜப்பானிய மொழித் தகுதித் தேர்வில் என்4 நிலையை முடித்துவிட்டு, அடுத்த நிலையான என்3-க்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். ‘ஹஷி’ என்ற ஒரே சொல் சாப்பிடும் குச்சி, பாலம், ஓரம் என மூன்று பொருள் தரும், எடுத்தல் படுத்தலில்தான், அதாவது குரலின் ஏற்ற இறக்கத்தில்தான், வித்தியாசம் என்று நேற்று ஒரு காணொளியில் சொன்னார்கள். எங்கள் வகுப்பில் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போதே உட்கார்ந்து படிக்க வேண்டுமா?

கவாசாகி முரளி:
கட்டாயம் படிங்க. டோக்கியோ வழக்கில் ஒரு சொல்லுக்குள் சுருதி ஒருமுறை இறங்கிவிட்டால் திரும்ப ஏறாது. எங்கே இறங்குகிறது, அல்லது இறங்காமலே போகிறதா என்பதுதான் அந்தச் சொல்லின் அடையாளம். குச்சி என்றால் ‘ஹ’ மேலே, ‘ஷி’ கீழே. பாலத்துக்கு ‘ஹ’ கீழே, ‘ஷி’ மேலே; அடுத்து வரும் ‘க’ உருபு (‘தங்கம்’ என்பதில் ஒலிக்கும் க) மறுபடி கீழே. ஓரத்துக்கு அந்த உருபும் மேலேயே நிற்கும். அதாவது பாலமும் ஓரமும் தனியாகச் சொன்னால் ஒன்றுபோலத்தான் கேட்கும், உருபு சேரும்போதுதான் பிரியும். சொல்லைக் கற்கும் அன்றே இதையும் சேர்த்துக் கற்காவிட்டால் பிறகு திருத்துவது பெரும்பாடு. ஒன்பது வருடம் இங்கே இருந்தும் நான் இன்னும் திருத்திக்கொண்டிருக்கிறேன்.

ஒசாகா செல்வி:
முரளி அண்ணா, நீங்க சொல்வது டோக்கியோவுக்கு. இங்கே ஒசாகாவில் பாலம்தான் மேலிருந்து கீழே இறங்கும், குச்சி கீழிருந்து மேலே ஏறும். அப்படியே தலைகீழ்! செண்டாய், மியாசாகி பக்கம் இந்த வேறுபாடே கிடையாது. காகோஷிமாவில் மொத்தம் இரண்டே வகை. இவர்கள் எல்லாரும் ஒருவரோடு ஒருவர் பேசி வாழ்ந்துகொண்டுதானே இருக்கிறார்கள்?

என்னைக் கவிழ்த்தது சுருதி இல்லை, தாளம். வந்த முதல் வருடம், உடன் வேலை பார்த்த ஒரு அம்மாவை வீட்டுக்கு அழைத்தேன். ‘நாளைக்கு வாங்க’ என்று போனில் சொல்ல நினைத்து, ‘கிதெ குதசாய்’ என்பதை ‘கித்தெ குதசாய்’ என்று சொல்லிவிட்டேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு மெதுவாக ‘எதை?’ என்று கேட்டார். நான் சொன்னதற்கு ‘வெட்டுங்க’ என்று பொருள். இதே சொல்லை ‘கீதெ’ என்று நீட்டியிருந்தால் ‘கேளுங்க’ ஆகியிருக்கும். தாளத்தில் ஒரு அடியை ஒரு தட்டு என்று வைத்துக்கொண்டால், கிதெ இரண்டு தட்டு, மற்ற இரண்டும் மூன்று தட்டு. யாழினி, முதலில் இதைச் சரிபண்ணும்மா.

கவாசாகி முரளி:
செல்வி, வட்டாரத்துக்கு வட்டாரம் மாறுகிறது என்பதால் தேவையில்லை என்று ஆகிவிடாது. ஒசாகாக்காரர் பேசுவது ஒரு முழு அமைப்பு. நாம் மனம்போன போக்கில் ஏற்றி இறக்குவது எந்த ஊர்ப் பேச்சும் இல்லை. அதனால்தான் கேட்பவருக்குச் சோர்வு வருகிறது. ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்ஹெச்கே 1943-லேயே உச்சரிப்பு அகராதி போட்டு, 2016-இல்கூடப் புதுப்பித்திருக்கிறது, பயன் இல்லாமலா? குறில் நெடிலும் ஒற்று மிகுவதும் தமிழனுக்குத் தாய்ப்பாலோடு வந்தவை. அதற்குத் தனிப் பயிற்சி எதற்கு?

சென்னை வாத்தியார்:
முரளி தம்பி, கடைசி வரியில்தான் எனக்கு முழு மறுப்பு. பல வருடமாக இங்கே ஜப்பானியம் சொல்லித்தருகிறேன். நம் பிள்ளைகள் அதிகம் தவறுவதே அங்கேதான்.

நாம் ‘டோக்கியோ’ என்று எழுதுகிறோம். மூலச் சொல்லில் அந்த ‘க்’ இல்லை. தோ-ஓ-க்யோ-ஓ, நான்கு தட்டு, அவ்வளவுதான். பிறகு ஏன் போட்டோம்? தமிழில் இரண்டு உயிருக்கு நடுவே ஒற்றைக் ககரம் வந்தால் அது மெலிந்துவிடும். வன்மையாக ஒலிக்க வேண்டுமானால் இரட்டிக்க வேண்டும். நம் காதில் வன்மையும் இரட்டிப்பும் ஒன்றாகவே பதிந்திருக்கின்றன. ஜப்பானியருக்கு அவை இரண்டும் வேறு வேறு. செல்வி சொன்ன ‘கிதெ’யில் வருவது ‘தலை’யில் வரும் வன்மையான த, ஆனால் ஒற்றைதான். நம் நாக்கு அதை வன்மையாக்கப் போய்த் தானாகவே ஒரு தட்டைக் கூட்டிவிடுகிறது. மெலிய விட்டாலும் ஆபத்து: ‘ககி’ என்று நோட்டில் எழுதிவைத்தால் அது சீமைப் பனிச்சைப் பழமா, சாவியா என்று உங்களுக்கே தெரியாது. அங்கே இரண்டாவது எழுத்து பழத்துக்கு வன்மை, சாவிக்கு மென்மை. ஜப்பானிய எழுத்தான ஹிரகானாவிலேயே எழுதுங்கள்.

ஒசாகாவையும் பாருங்கள். அங்கே ‘ஓ’ நெடில், மற்ற இரண்டும் குறில். நாம் எழுதுவது நேர் எதிர்.

மாத்திரைக் கணக்கும் அப்படியே பொருந்தாது. நமக்கு மெய் அரை மாத்திரை. அவர்களுக்கு ‘ன்’ ஒரு முழுத் தட்டு, இரட்டிப்பில் வரும் ஒற்றும் ஒரு முழுத் தட்டு. செய்தித்தாளுக்கான ‘ஷிம்புன்’ என்பதில் ஷி-ம்-பு-ன் என நான்கு. பகரத்துக்கு முன் ‘ம்’ ஆகத் திரிவது நமக்கு இயல்பாக வந்துவிடும். கடைசி ‘ன்’னைத்தான் விழுங்கிவிடுகிறோம். ‘ஸுகி’ என்பது ‘ஸ்கி’ போலக் கேட்கிறதே, அங்கே உகரத்தின் ஒலி தேய்ந்தாலும் தட்டு தேய்வதில்லை. குற்றியலுகரத்தில் அளவே பாதியாகிவிடும் நமக்கு இது புதுப் பழக்கம்.

கவாசாகி முரளி:
டோக்கியோவில் அந்த ‘க்’ எப்படி வந்தது என்று இத்தனை நாள் யோசித்ததே இல்லை சார். ஒப்புக்கொள்கிறேன். சுருதி இறங்குவதும் தட்டுக்கணக்கில்தான் நடக்கிறது. தட்டு பிசகினால் அதுவும் பிசகும். ஆனால் சுருதியைத் தள்ளிப்போடுவதற்கு மட்டும் நான் சம்மதிக்கவில்லை. ‘ஸோ தெஸ்கா’ என்று முடிவில் ஏற்றினால் ‘அப்படியா?’ என்று கேள்வி. இறக்கினால் ‘ஓ, சரி’ என்று ஏற்றுக்கொள்வது. இதை மாற்றிச் சொன்னால் எந்த ஊரிலும் உரையாடல் தடுமாறும்.

ஒசாகா செல்வி:
அது வாக்கியத்தின் ஏற்ற இறக்கம் அண்ணா, சொல்லின் சுருதி இல்லை. அதை முதல் நாளே கற்க வேண்டும் என்பதில் எனக்கும் சம்மதம். ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதியைப் புரட்டுவதைத்தான் மறுக்கிறேன்.

யாழினி:
கிதெ, கீதெ, கித்தெ மூன்றையும் மேசையில் தட்டிக்கொண்டே பதிவு செய்து கேட்டேன் சார். நீங்க சொன்னது அப்படியே நடக்கிறது. முதலாவதும் மூன்றாவதும் என் வாயில் ஒரே மாதிரி வருகின்றன. இன்றைக்கு இந்த மூன்றும்தான். ஹஷிக்கு அடுத்த வாரம் வருகிறேன், முரளி அண்ணா.