எலி கேக்கைத் தின்ற நாய் நன்றாகத்தான் இருக்கிறது, காத்திருந்து பார்க்கலாமா?

கேள்வி (அல்சூர், பெங்களூரு)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் எலித் தொல்லை அதிகம் என்று மாடிப்படிக்குக் கீழே எலி கேக் வைத்திருக்கிறார்கள்; நாய் வளர்க்கும் எங்களிடம் யாரும் சொல்லவில்லை. நேற்று இரவு 9 மணிக்கு வெளியே அழைத்துச் சென்றபோது எங்கள் நாட்டு நாய் கறுப்பி (4 வயது, 16 கிலோ) அங்கே எதையோ மென்றாள். வாயைத் திறந்து பார்த்தால் நாக்கில் நீலத் துகள்கள் ஒட்டியிருந்தன. இப்போது காலை 11 மணி. தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டுப் பந்தைத் துரத்திக்கொண்டிருக்கிறாள். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கும்படி பக்கத்து வீட்டுப் பெரியவர் சொல்கிறார். செய்யலாமா?

பதில் 1 (ஹெப்பாள்)

உப்புத் தண்ணீர் வேண்டவே வேண்டாம். அது ரத்தத்தில் உப்பை அபாயகரமான அளவுக்கு ஏற்றிவிடும். 14 மணி நேரம் கழிந்தபின் வாந்தியால் பயனும் இல்லை. தயவுசெய்து இன்றே மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.

இங்கே கடைகளில் கிடைக்கும் எலி கேக்குகளில் பெரும்பாலும் ப்ரோமாடியோலோன் இருக்கும். ரத்தம் உறையத் தேவையான சில புரதங்களைக் கல்லீரல் வைட்டமின் கே துணையோடு செய்கிறது. இந்த நஞ்சு அந்த வைட்டமினை உடல் மறுபடி பயன்படுத்தவிடாமல் தடுக்கிறது. ஏற்கெனவே உடலில் இருக்கும் புரதங்கள் தீரும்வரை நாய் ஓடும், சாப்பிடும், வாலாட்டும். பொதுவாக 2 முதல் 5 நாட்களுக்குள்தான் ஈறு வெளுப்பது, மூச்சு வாங்குவது, மூக்கில் ரத்தம் வருவது எல்லாம் தொடங்கும். அதற்குள் நெஞ்சுக்குள்ளோ வயிற்றுக்குள்ளோ ரத்தம் கசிந்திருக்கலாம். ஆகவே பந்து விளையாடுகிறாள் என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

மாற்று மருந்து உண்டு: வைட்டமின் கே1. கே3 இதற்குப் பயன்படாது. வீட்டில் ஏதோ வைட்டமின் மாத்திரை இருக்கிறது என்று கொடுத்துவிடாதீர்கள்.

கிளம்பும் முன் காவலாளியிடம் காலி உறையைக் கேட்டு வாங்குங்கள். அதில் துத்தநாக பாஸ்பைடு என்றிருந்தால் கதையே வேறு: அது வயிற்று அமிலத்தில் நச்சு வாயுவாக மாறும், பெரும்பாலும் சில மணி நேரத்திலேயே அறிகுறி காட்டும், அந்த வாந்தியின் அருகில் நிற்பவர்களுக்கும் ஆபத்து. பக்கத்தில் மருத்துவர் கிடைக்காவிட்டால் ஹெப்பாள் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்குச் செல்லலாம்.

பதில் 2 (ஜெயநகர்)

மேலே சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் எங்கள் பூனைக்கு உடம்பு சுட்டது என்று, குழந்தைக்குக் கொடுக்கும் அதே எண்ணத்தில் பாரசிட்டமாலில் கால் மாத்திரையைப் பாலில் கரைத்துக் கொடுத்துவிட்டோம். பூனையின் கல்லீரலுக்கு அந்த மருந்தைச் சிதைத்து வெளியேற்றும் திறன் மிகக் குறைவு என்பது எங்களுக்குத் தெரியாது. மாலைக்குள் முகம் வீங்கி, ஈறு பழுப்பு நிறமானது. அன்றிரவே ஓடினோம், என்ன மாத்திரை, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று எங்களால் சொல்ல முடிந்ததால் மருத்துவர் உடனே அதற்கான மாற்று மருந்தைத் தொடங்கினார், பிழைத்துக்கொண்டது. வெட்கப்பட்டு மறைத்திருந்தால் இழந்திருப்போம்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. குப்பைத் தொட்டியில் உறை கிடைத்தது, ப்ரோமாடியோலோன் 0.005 சதவீதம். மருத்துவர் உறையைப் பார்த்ததும் கே1 தொடங்கிவிட்டார். கொழுப்புள்ள உணவோடு 28 நாள் கொடுக்க வேண்டுமாம். கடைசி வேளை மருந்துக்கு 2 நாள் கழித்து ரத்தம் உறையும் நேரத்தைச் சோதிக்க வேண்டும். தயிர்சாதத்தில் ஒரு கரண்டி நெய் சேர்த்து மாத்திரையை ஒளித்து வைத்தேன், நக்கித் தின்றுவிட்டாள். மீதமிருந்த கேக்குகளைக் கையுறை போட்டு நானும் காவலாளியும் எண்ணி எடுத்தோம். வைத்தது 12, கிடைத்தது 10. ஒன்று கறுப்பி தின்றது என்றே வைத்துக்கொண்டாலும் இன்னொன்று எங்கே என்று தெரியவில்லை. தெருப்பூனைகள் வந்துபோகும் இடம் என்பதால் நாளைக் காலை மறுபடியும் தேடப் போகிறோம்.