அஸ்வெசும (வருமானம் குறைஞ்ச குடும்பங்களுக்கு அரசாங்கம் குடுக்கிற காசு) கிடைக்கேல்லயெண்டா மாற்றுத்திறனாளிக் காசும் இல்லையோ? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ

வன்னிமகள்:
எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் முல்லைத்தீவுப் பக்கம். தம்பிக்கு 2009ல செல் பீஸ் முள்ளந்தண்டில பட்டு இடுப்புக்குக் கீழ உணர்வில்லை, வீல்செயார்லதான் இருக்கிறான். பாக்கிறது அம்மா, அவவுக்கும் இப்ப ஏலாது. இவ்வளவு காலமும் சுவிஸ்ல இருந்து மாமா அனுப்பினதில ஏதோ ஓடிச்சுது, அவருக்கும் இப்ப வேலை இல்லை. அதுதான் அரசாங்கக் காசு எடுப்பம் எண்டு வெளிக்கிட்டம். அஸ்வெசுமவுக்குப் போட்டது வரேல்ல, கல்வீடு இருக்காம் எண்டு கதை (அது இந்தியன் வீட்டுத்திட்ட வீடு, உள்ள ஒரு கதிரையும் ஒழுங்கா இல்லை). அது இல்லையெண்டா மாற்றுத்திறனாளிக் காசும் இல்லை எண்டு பக்கத்து வீட்டு அக்கா சொல்றா. ஒராள் ஜீஎஸ்ஸிட்ட (கிராம சேவகர்) போ எண்டுறார், இன்னொராள் ஆஸ்பத்திரிக்குப் போ எண்டுறார். எங்க தொடங்கிறது? பழைய ஆஸ்பத்திரித் துண்டுகளும் ஒண்டும் இல்லை, எல்லாம் யுத்தத்தில மாத்தளனோட போச்சுது.

கரைச்சிக்காரன்:
தங்கச்சி ரெண்டையும் போட்டுக் குழப்பாதேங்கோ. அஸ்வெசும 2023ல தொடங்கினது, அது குடும்பத்துக்கு. வீடு, சொத்து, படிப்பு, வருமானம், சுகாதாரம் எல்லாம் பாத்து புள்ளி போட்டுத்தான் ஆக்களைப் பிரிக்கினம். மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவு தம்பியிட பேருக்கு வாறது, அஸ்வெசும வர முந்தியே இருந்த ஒண்டு. முந்தி மாதம் 5,000 ரூபா, 2024ல 7,500 ஆக்கினவை, 2025 சித்திரையில இருந்து 10,000. இப்ப ரெண்டையும் நலன்புரி நன்மைகள் சபைதான் பாக்குது, அதாலதான் சனம் ஒண்டெண்டு நினைக்குது. இதுக்கும் வருமானம் குறைஞ்ச குடும்பமோ எண்டு பாப்பினம், ஆனா உங்களுக்கு அது வரேல்ல எண்டதுக்காக இதைக் கேக்காம விடாதேங்கோ.

பிரதேச செயலகத்தில சமூக சேவைகள் உத்தியோகத்தர் எண்டு ஒராள் இருப்பார், அவரிட்டத்தான் ஃபோம். ஜீஎஸ்ஸிட கையெழுத்தும் வேணும், அரசாங்க ஆஸ்பத்திரி டொக்டரிட சிபாரிசும் வேணும், அதால அவை ரெண்டு பேரும் சொன்னது பிழையில்லை. ஆனா முதல் ஃபோமை எடுங்கோ, பிறகு அவையிட்டப் போங்கோ, இல்லாட்டி அங்கயும் இங்கயும் அலைஞ்சு ஓட்டோக் காசுதான் போகும்.

முத்தையன்கட்டுப் பெடியன்:
இதெல்லாம் ஃபோம் நிரப்பி வாற காசோ அண்ணை. எம்பீட ஆள் ஆரையும் பிடிச்சா ஒரு கிழமையில அலுவல் முடியும் 😄

ஒட்டுசுட்டான் ரீச்சர்:
தம்பி, சும்மா சனத்தை அந்தரப்படுத்தாதேங்கோ. காத்திருப்புப் பட்டியல் இருக்கிறது உண்மைதான், பேர் குடுத்த உடன காசு வராது. ஆனா பட்டியல்ல பேர் ஏறவே இல்லையெண்டா எந்த ஆளைப் பிடிச்சும் என்ன பிரயோசனம்?

வன்னிமகள், டொக்டரிட்டப் போறதில ஒரு விஷயம். என்ர அண்ணைக்கும் உந்த முள்ளந்தண்டுப் பிரச்சினைதான், அதால சொல்றன். எங்கட ஆக்கள் டொக்டரைக் கண்ட உடன "பரவாயில்லை சேர், சமாளிக்கிறன்" எண்டுதான் சொல்லுவினம். அங்க உந்த ரோசம் வேண்டாம். போக முதல் ஒரு கொப்பித் தாளில எழுதுங்கோ: காலம எழும்பினதில இருந்து படுக்கும் வரைக்கும் அம்மா என்ன என்ன செய்து குடுக்கிறா எண்டு. கட்டில்ல இருந்து இறக்கிறது, சலப் பை மாத்திறது, குளிப்பாட்டிறது, இரவில புண் வராமப் புரட்டி விடுறது, எல்லாம். அதை அப்பிடியே டொக்டரிட்டக் குடுங்கோ. "கால் ஏலாது" எண்டு மட்டும் எழுதுறதுக்கும் "படுக்கையில தானாப் புரள ஏலாது, முழுநேரமும் ஒராள் வேணும்" எண்டு எழுதுறதுக்கும் எவ்வளவு வித்தியாசம்! பழைய துண்டு இல்லையெண்டு கவலைப்படாதேங்கோ, டொக்டர் பாத்து எழுதுறது இப்பத்தைய நிலைமையை. தம்பி கிளினிக் போறவனெண்டா அந்தக் கிளினிக் கொப்பியையும் கொண்டு போங்கோ.

குடுக்கிற எல்லாத்துக்கும் ஒரு ஃபோட்டோக்கொப்பி வைச்சிருங்கோ, அதில திகதியும் கையெழுத்தும் வாங்குங்கோ. தரேலாது எண்டு வாயால சொன்னா விடாதேங்கோ, காரணத்தை எழுத்தில தமிழில கேளுங்கோ. அதுக்கும் இழுத்தடிச்சா 2016ம் ஆண்டு 12ம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கு. விண்ணப்பம் குடுத்தா 14 வேலை நாளுக்குள்ள தகவலைத் தாறதோ இல்லையோ எண்டு முடிவு சொல்ல வேணும். தகவல் அலுவலர் எண்டு ஒவ்வொரு கந்தோரிலயும் ஒராள் இருக்கோணும்.

வன்னிமகள்:
பெரிய உபகாரம் ரீச்சர், கரைச்சி அண்ணை. இன்னும் ரெண்டு கேள்வி. முந்தி நட்டஈட்டுக்கு எண்டு ஒரு பதிவு குடுத்தனாங்கள், அது இதுக்கு இடைஞ்சலா வருமோ? மற்றது தம்பியை அவ்வளவு தூரம் ஓட்டோவில ஏத்த ஏலாது, போன முறை ஏத்தி இறக்கினதில பின்பக்கம் உரஞ்சிப் புண் வந்திட்டுது.

கரைச்சிக்காரன்:
நட்டஈடு இழப்பீட்டு அலுவலகத்திட அலுவல், 2018ம் ஆண்டுச் சட்டத்தில வந்தது, யுத்தத்தில காயப்பட்டதுக்கு. இது மாதாமாதம் வாறது, வேற கணக்கு. ரெண்டும் ஒண்டையொண்டு வெட்டும் எண்டு நினைச்சு பேசாம இருந்திடாதேங்கோ. ஏற்கனவே ஏதும் காசு எடுத்திருந்தா ஃபோமில மறைக்காம எழுதுங்கோ, பிறகு தோண்டி எடுத்தா அதுதான் தலையிடி. தம்பியைக் கூட்டிக்கொண்டு போகவும் தேவையில்லை, நீங்கள் போய் ஃபோம் எடுங்கோ. வீட்டை வந்து பாக்கச் சொல்லி எழுத்தில கேளுங்கோ, உத்தியோகத்தர் வெளிக்களத்துக்கு வாறவைதான். ஐசியும் (அடையாள அட்டை) தம்பியிட பேரில பாங்க் புத்தகமும் இல்லையெண்டா முதல் அதைச் செய்யுங்கோ. பிறப்புச் சான்றிதழ் கையில இல்லையெண்டாலும் பதிவு இருந்தா பிரதேச செயலகத்தில பிரதி எடுக்கலாம், பதிவே இல்லாத ஆக்களுக்குத்தான் அனுமான வயதுச் சான்றிதழ்.

ஒட்டுசுட்டான் ரீச்சர்:
புண் எண்டு சொன்னீங்கள், அதை விட்டு வைக்காதேங்கோ. காசு அலுவல் ஒரு பக்கம் நடக்கட்டும், நாளைக்கே கிளினிக்கில காட்டுங்கோ. வீல்செயார், மலசலகூடம் திருத்திறது மாதிரி உதவிகளும் மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய செயலகத்தால இருக்கு, அதுக்கும் அதே சமூக சேவைகள் உத்தியோகத்தர்தான். கேக்கேக்க இடுப்பு அகலத்தை அளந்து கொண்டு போங்கோ, தாற கதிரை பெருசா இருந்தா தம்பி ஒரு பக்கம் சரிஞ்சு சரிஞ்சு இருந்து அந்தப் பக்கம்தான் திரும்பவும் புண் வரும். குஷனையும் சேத்துக் கேளுங்கோ.

முத்தையன்கட்டுப் பெடியன்:
பகிடிக்குச் சொன்னது அக்கா, கோவிக்காதேங்கோ. என்னட்ட லான்மாஸ்டர் ரக்டர் இருக்கு, சாமான் ஏதும் ஏத்தோணுமெண்டா இன்பொக்ஸ்ல வாங்கோ.