இரண்டு வருட எலக்ட்ரானிக்ஸ் ரிப்பேர் படிப்பு: செலவுக்குத் தகுமா?

கேள்வி: டிவி, சார்ஜர் எல்லாம் திறந்து கெப்பாசிட்டர் (மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் பாகம்) மாற்றுவேன். சிலது ஓடும், ஓடாதது ஏன் ஓடவில்லை என்றே தெரியாது. வேலையை விட்டுவிட்டுப் படிக்கலாமா?

பதில் 1: படித்தவன் சொல்கிறேன். கட்டணத்தைவிட, இரண்டு வருடம் சம்பளம் இல்லாததுதான் பெரிய செலவு. அதையும் கூட்டிப் பாருங்க. சால்டரிங் (ஈயத்தை உருக்கிப் பாகங்களை ஒட்டுவது) பழகுவதற்கு வகுப்பு வேண்டாம். கை தானாகப் பழகிவிடும். எனக்குப் படிப்பு தந்தது, சர்க்யூட் டயகிராம் இல்லாத போர்டிலும் பழுதைத் தேடிக் கண்டுபிடிக்கும் புத்தி. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பவர் சப்ளை கெப்பாசிட்டரில் சுமார் 300 வோல்ட் நிற்கலாம் என்பதை முதல் வாரமே மீட்டர் வைத்துக் காட்டினார்கள். அதுவரை வெறுங்கையால் தொட்டுக்கொண்டிருந்தேன்!

பதில் 2: ஆஸிலோஸ்கோப் (மின் அலையைத் திரையில் காட்டும் கருவி) எத்தனை பேருக்கு ஒன்று என்று கேளுங்க. எங்களுக்கு எட்டுப் பேருக்கு ஒன்று. பாதி நாள் வேடிக்கைதான் பார்த்தேன்.

கேட்டவர்: சரி, முதலில் லேபைப் பார்த்துவிட்டு வருகிறேன்.