79-ஆம் தூணும் மச்சானும்

பொங்கலுக்கு மாமனார் வீட்டுக்குப் போயிருந்தபோது நடந்தது. மச்சான் கிரில், ஷெட் வேலை செய்கிற வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். பேச்சு எப்படியோ நியூயார்க் உலக வர்த்தக மையத்தின் 7-ஆம் கட்டடத்துக்குப் போய்விட்டது. 2001 செப்டம்பர் 11 அன்று, விமானம் எதுவும் மோதாமலே, உள்ளே பற்றிய தீயால் மாலை 5.20-க்கு விழுந்த 47 மாடி. தீயால் விழுந்தது என்பதை மச்சான் நம்பவில்லை.

"இரும்பு உருக 1500 டிகிரி வேணும் மாப்ள. மேசையும் பேப்பரும் எரிஞ்சா அந்தச் சூடு வருமா?"

வராது. அது முழுக்கச் சரி. ஆனால் மாமனார் அரிவாள் அடித்ததை இரண்டு பேருமே பார்த்திருக்கிறோம். இரும்பை உருக்கியா அடித்தார்? சிவக்கக் காய்ச்சினாலே சொன்னபடி வளையும். 600 டிகிரியில் வலுவில் ஏறக்குறைய பாதி போய்விடும் என்றேன். மச்சான் பேசவில்லை.

ராத்திரி படுத்தபிறகுதான் எனக்கே உறைத்தது: அந்தக் கட்டடத்துக்கு என் உதாரணம் பொருந்தாது. 2008-இல் வந்த அமெரிக்க அரசு ஆய்வறிக்கைப்படி, முதலில் போன 79-ஆம் தூண் அவ்வளவாகச் சூடாகவே இல்லை. சூடானவை மாடிகளைத் தாங்கிய பீம்கள். அவை நீண்டு, 13-ஆம் மாடியில் ஒரு கர்டரை, அதாவது பீம்களைத் தாங்கும் பெரிய உத்தரத்தை, அதன் தாங்கியிலிருந்து தள்ளிவிட்டன. மாடிகள் ஒன்றின்மேல் ஒன்றாக 5-ஆம் மாடிவரை சரிந்தன. ஒன்பது மாடி உயரத்துக்குப் பக்கப்பிடி இல்லாமல் நின்ற தூண் நெளிந்து மடங்கியது.

காலையில் விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை உருவி மச்சானிடம் கொடுத்தேன். விரல் நீளத் துண்டை நுனியில் அழுத்தினால் விறைப்பாக நிற்கிறது. முழு ஈர்க்கு தொட்டதுமே வளைகிறது. நீளம் இரட்டித்தால் தாங்கும் பாரம் கால் பங்காகும். "இதை நேத்தே சொல்லியிருக்கலாம்ல" என்றார்.

ஒரு வாசகரின் மறுமொழி:

பாலிடெக்னிக்கில் பாடம் எடுக்கிறேன். இந்த விளக்கத்தை வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவி எழுந்து, "அப்போ கட்டடத்தோட வெளிச்சுவர் 2.25 விநாடி தடையே இல்லாம விழுந்துச்சே, அது எப்படி சார்?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. ஆகஸ்ட் 2008 வரைவில் இல்லாத அந்த விஷயம் நவம்பர் இறுதி அறிக்கையில்தான் வந்தது. மடங்கிய தூணில் மிஞ்சும் வலு சொற்பம், உள் தூண்களும் அதற்குள் போயிருந்தன என்றேன். வெளிச்சுவர் இறங்குவதற்குச் சுமார் ஏழு விநாடி முன்பே கூரையின் கிழக்குப் பென்ட்ஹவுஸ் (மொட்டை மாடி மேலிருந்த சிறு கட்டடம்) உள்ளே அமிழ்வதை வீடியோவில் காட்டினேன்.

அவளுக்கு அது போதவில்லை. கணக்குப் போட்டுப் பார்க்கிறேன் என்று வீடியோவை வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள். திங்கட்கிழமை வகுப்புக்குக் காத்திருக்கிறேன்.