பெரிய சிட்டி பார்க் டிபார்ட்மென்ட்ட நடத்துறது யாரு, செடி தெரிஞ்சவங்களா ஆபீஸ் தெரிஞ்சவங்களா?

டிக்கோயா பொண்ணு:
எல்லாருக்கும் வணக்கம். ஏ.எல். (உயர்தர பரீட்சை) பயோ செஞ்சு ரிசல்ட் வந்து இப்ப கம்பஸ்ஸுக்கு என்ன போடறதுன்னு யோசிச்சிக்கிட்டு இருக்கேன். தாத்தா தோட்டத்துல தண்டு வெட்டி நட்டு கன்னு வளக்குற வீ.பி. நர்சரியில தேயிலை கன்னு பாத்தவரு, அவர் கூடவே சுத்தி எனக்கும் செடி மரம்னா உயிரு. நியூயார்க் மாதிரி பெரிய சிட்டியில பார்க்குக்குன்னே தனி டிபார்ட்மென்ட் இருக்காமே, அதுல மேல ஒக்காந்திருக்கவங்க என்ன படிச்சவங்க, கீழ இருந்து ஏறி வந்தவங்களா இல்ல வெளியில இருந்து நேரா கொண்டாந்து வைக்கிறதா? நம்ம இலங்கையில, மலைநாட்டு பக்கம் பார்க்குகள யாரு நடத்துறாங்க, அந்த வேலைக்கு நம்ம புள்ளைங்க போக வழி இருக்கா? அப்பா டீச்சிங் போன்னு ஒரே பிடியா நிக்கிறாரு, தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

தலவாக்கலை அண்ணன்:
தங்கச்சி, நியூயார்க்கையே எடுத்துக்குவோம். அங்க மொத்த டிபார்ட்மென்ட்டுக்கும் தலை கமிஷனர், அவர போடறது மேயர். அவருக்கு கீழ பர்ஸ்ட் டெபுட்டி கமிஷனர், அப்புறம் கட்டட வேலை, பராமரிப்பு, காசு, பார்க்ல ரோந்து போற ரேஞ்சர்மாருன்னு ஆளுக்கொரு பக்கம் பாக்குற டெபுட்டி கமிஷனர்மாரு. இது போக மன்ஹாட்டன், புரூக்ளின், குயின்ஸ், பிராங்ஸ், ஸ்டேட்டன் ஐலண்ட்னு சிட்டிய அஞ்சு பெரிய பிரிவா வச்சிருக்காங்க, அத பரோம்பாங்க, அஞ்சுக்கும் தனித்தனி பரோ கமிஷனர் இருக்காங்க. நம்ம தோட்டத்துல பெரிய தொரைக்கு கீழ டிவிஷனுக்கு ஒரு சின்ன தொர இருக்காருல்ல, அமைப்பு கிட்டத்தட்ட அப்படித்தான், ஆனா இவங்க ஊர் மக்கள் கூட்டம் போட்டு கேட்டா முன்னால வந்து நின்னு பதில் சொல்லணும், அதான் பெரிய வித்தியாசம்.

இவங்க கையில 30,000 ஏக்கருக்கு மேல இருக்கு, சிட்டி நிலத்துல ஏறக்குறைய 14%. பூங்கா மட்டும் இல்ல, ரோட்டோர மரம், பீச், நீச்சல் குளம், விளையாட்டு மைதானம் எல்லாமே. அதனால செடி மட்டும் தெரிஞ்சா அந்த கதிரையில ஒக்கார முடியாது. 1934க்கு முன்னால பரோவுக்கு பரோ தனித்தனியா இருந்தத ஒண்ணா சேத்து மொத கமிஷனரா வந்தவரு ராபர்ட் மோசஸ், 1960 வரைக்கும் அசையாம இருந்தாரு. அவர் படிச்சது அரசியல் விஞ்ஞானம். 1936ல ஒரே கோடை காலத்துல 11 பெரிய நீச்சல் குளம் திறந்தாரு, அது சும்மா வேலை இல்ல. அதே மனுஷன்தான் ஹைவே போடுறதுக்கு ஆயிரக்கணக்கான குடும்பத்த வீட்ட விட்டு கிளப்புனவரும். லயத்துல (தோட்டத்து வரிசை வீட்டுல) பொறந்து வளந்த எனக்கு அத வாசிச்சப்ப வயிறு எரிஞ்சிச்சு. திறமை இருந்தா மட்டும் போதாது, சனத்த மனுசனா பாக்கத் தெரியணும்.

பதுளை மிஸ்:
மகள், ரெண்டு வழியிலயும் வந்திருக்காங்க. கோர்டன் டேவிஸ் 1978ல கமிஷனரா வந்தாரு, அவர் வக்கீல், அந்த பதவிக்கு வந்த மொத கறுப்பினத்தவர். 2014ல வந்த மிட்செல் சில்வர் நகரத் திட்டமிடல் ஆளு. ஆனா எனக்கு ரொம்ப பிடிச்ச கதை ஏட்ரியன் பெனப்பியோடது. 1979ல பார்க் ரேஞ்சர்னு ஒரு வேலைய புதுசா தொடங்குனப்ப மொத செட்ல சேந்தவரு, யூனிஃபார்ம் போட்டு பார்க்ல ரோந்து போனவரு, அப்புறம் மன்ஹாட்டன் பரோ கமிஷனர், 2002ல மொத்த டிபார்ட்மென்ட்டுக்கும் கமிஷனர். ஐரிஸ் ரொட்ரிகஸ் ரோசாவும் பல வருஷம் உள்ளுக்குள்ளயே வேலை செஞ்சு பிராங்ஸ் பரோ கமிஷனர், பர்ஸ்ட் டெபுட்டின்னு படிப்படியா வந்து 2025ல கமிஷனர் ஆனவங்க. கீழ இருந்து வரவங்களுக்கு எந்த பார்க்ல பைப் உடைஞ்சிருக்கு, மழ பேஞ்சா எங்க தண்ணி தேங்கும்னு காலுக்கே தெரியும், ரிப்போர்ட்ட மட்டும் பாத்து முடிவெடுக்கிறவங்களுக்கு அது வராது.

இன்னொண்ணு சென்ட்ரல் பார்க். 843 ஏக்கர், 70கள்ல புல்லு செத்து சுவரெல்லாம் கிறுக்கி கேவலமா கெடந்துச்சு. 1979ல அதுக்குன்னே ஒரு நிர்வாகிய போட்டாங்க, எலிசபெத் பார்லோ ரோஜர்ஸ், ஒரு பொம்பளை. அடுத்த வருஷமே காசு சேத்து பராமரிக்க தனியா ஒரு அமைப்பு தொடங்குனாங்க. பின்னால அந்த அமைப்பு பார்க்க 49 பகுதியா பிரிச்சு ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு தோட்டக்காரர பொறுப்பா வச்சுது, அந்த மூலையில செடி வாடுனா யார கேக்கணும்னு எல்லாருக்கும் தெரியும். நம்ம ஊருக்கு மொத அதுதான் வேணும்.

டவுன்காரன்:
மிஸ் சொன்னது நூத்துக்கு நூறு சரி. எங்க டவுன்ல (பேர் வேணாம்) சின்ன புள்ளைங்க பார்க் ஒண்ணு இருக்கு, ஊஞ்சல் சங்கிலி ஒரு பக்கம் அறுந்து பலகை தரையில இழுபட்டுக்கிட்டு கெடக்கு, சறுக்குற தகரத்துல ஓட்டை, விளிம்பு கத்தி மாதிரி நிக்குது. ஒரு ஆபீஸ்ல போய் சொன்னா அது எங்க காணி இல்லங்கிறாங்க, அடுத்த ஆபீஸ்ல காணி எங்களது பார்க் அவங்களதுங்கிறாங்க, இன்னொருத்தர் கடுதாசி குடுங்க பாப்போம்னாரு, கடுதாசி குடுத்தாச்சு, எங்க போச்சுன்னே தெரியல. மேல பொறுப்பான ஆளு ஒருத்தர் இல்லாட்டி இதான் நடக்கும். காசும் பெரிய விஷயம்தான், நியூயார்க்லயே சிட்டி பட்ஜெட்டுல பார்க்குக்கு 1% கூட வரலன்னு சனம் சண்ட போட்டுக்கிட்டுதான் இருக்கு.

நானுஓயா அக்கா:
நம்ம பக்கத்துக்கு நான் சொல்றேன். இங்க எல்லா பார்க்கும் ஒரே கையில இல்ல தங்கச்சி. நுவரெலியா விக்டோரியா பார்க் மாநகர சபையோடது, 1897ல ராணியோட வைர விழாவுக்கு வச்ச பேரு. ஹக்கல தோட்டம் 1861ல சிங்கோனா (மலேரியா மருந்து எடுக்குற மரம்) நட்டு பாக்கறதுக்கு தொடங்குனது, இப்ப பேராதனை மாதிரியே தேசிய தாவரவியல் பூங்கா திணைக்களத்துக்கு கீழ. ஹோட்டன் சமவெளி வனஜீவராசிகள் திணைக்களம், 1988ல இருந்து தேசிய பூங்கா. மாநகர சபையில மேயர் அரசியல் தலை, ஆபீஸ் தலை ஆணையாளர், அவர் பெரும்பாலும் இலங்கை நிருவாக சேவை (அரசாங்க உயர் அதிகாரிங்க சேவை) ஆளு. 2023 மார்ச்ல சபைகள் காலம் முடிஞ்சு 2025 மே எலக்‌ஷன் வரைக்கும் மேயரே இல்லாம அதிகாரிங்கதான் எல்லாத்தையும் நடத்துனாங்க, அப்ப யோசிச்சு பாருங்க அந்த கதிரைக்கு எவ்வளவு பலம்னு.

அதனால உங்களுக்கு வழி இருக்கு. பயோ செஞ்சவங்களுக்கு பேராதனையில விவசாய பீடம் இருக்கு, டிகிரி முடிச்சு தாவரவியல் பூங்கா பக்கம் முயற்சி பண்ணலாம். டிகிரிக்கு அப்புறம் நிருவாக சேவை திறந்த போட்டி பரீட்சையும் எழுதலாம், அத தமிழ்லயே எழுதலாம், ஆனா சிங்களம் நல்லா படிச்சு வச்சுக்கோங்க, கீழ வேலை செய்றவங்க கூட பேசாம எந்த பார்க்கையும் நடத்த முடியாது. டிசைன் பக்கம் ஆசைன்னா மொரட்டுவை கம்பஸ்ல லாண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சர் (பூங்கா, வெளியிடம் வடிவமைக்கிற படிப்பு) இருக்கு.

டிக்கோயா பொண்ணு:
அக்கா, மிஸ், அண்ணாமார் எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இத அப்படியே அப்பாவுக்கு வாசிச்சு காட்டுனேன், நிருவாக சேவைன்னதும் கொஞ்சம் நிமிந்து ஒக்காந்தாரு. மொரட்டுவைக்கு தனி டெஸ்ட் ஏதும் இருக்கா அக்கா?

நானுஓயா அக்கா:
ஆமா, ஆப்டிட்யூட் டெஸ்ட் இருக்கு, அதுக்கு தனியா அப்ளை பண்ணணும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஹேண்ட்புக் எடுத்து உங்க சப்ஜெக்ட்டுக்கு ஒத்து வருதான்னு மொத பாருங்க, முடிவு தேதிய விட்றாதீங்க.