இஸ்தான்புல் தெருச் சாப்பாடு: போய் வந்தவர்கள் வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. வரும் ஜனவரியில் அம்மாவோடு இஸ்தான்புல் போகிறேன். சுற்றிப் பார்க்கும் இடங்களெல்லாம் முடிவாகிவிட்டன. சாப்பாட்டு விஷயத்தில்தான் உங்கள் உதவி வேண்டும்.

எனக்கு எதுவானாலும் சரி. முதல் ஆசை கொக்கோரெச். ஆட்டுக்குடலைக் கம்பியில் சுற்றிக் கரியடுப்பில் வாட்டி, பொடிப்பொடியாகக் கொத்தி, ஓரிகானோவும் மிளகாய்த்தூளும் தூவி ரொட்டிக்குள் வைத்துத் தருவார்கள். காதிக்கோய் சந்தைப் பக்கம் நல்ல கடை எது? மசாலாச் சோறு அடைத்த சிப்பியை, அதாவது மிதியே தோல்மாவை, தெருவில் தட்டு வைத்து விற்பவர்களிடம் வாங்கலாமா, கூட்டம் உள்ள கடையில் வாங்குவதுதான் வயிற்றுக்கு நல்லதா?

அம்மா சுத்த சைவம், முட்டைகூடத் தொடமாட்டார். எள் தூவிய வளைய ரொட்டியான சிமித்தும் டீயும் வைத்தே எத்தனை வேளை ஓட்டுவது? ஆலிவ் எண்ணெயில் வேகவைத்து, ஆறவைத்துப் பரிமாறும் காய்கறி வகைகள் அங்கே நிறைய உண்டு. வீட்டுச் சமையல் போடும் எஸ்னாஃப் லொகந்தாக்களில் மதியம் தவறாமல் கிடைக்குமா? பருப்பு சூப்பில் சில இடங்களில் எலும்புச் சாறு சேர்ப்பார்கள். சேர்க்காத கடை தெரிந்தால் அவசியம் சொல்லுங்கள், அம்மாவுக்கு அதுதான் பெரிய கவலை. தெருக்கடைகளில் இப்போது இறைச்சி இல்லாமல் கோதுமை ரவையில் செய்யும் சீ கோஃப்தேவின் காரம் அவருக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

1876 முதல் இருக்கும் வேஃபா போசா கடைக்குக் கட்டாயம் போவோம். பட்டைத்தூளும் வறுத்த கொண்டைக்கடலையும் தூவிய போசா என்ற அந்தக் கெட்டியான பானம் குளிர்காலத்துக்கே உரியது.

தங்குவது எமினோனு பக்கம். கடைப் பெயரும் தெரு அடையாளமும் சொன்னால் போதும், தேடிப் போய்விடுவோம்.